சிவேமா வீட்டுப் பின்கட்டு

லிமியைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குரலைக் கேட்டுவிட்டேன். தாருஸ்ஸலாம் நகரத்தில், புகுருனிப் பேருந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பாதாம் மரத்தடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். 'அறை, வீடு, மனை: நசோரோ' என்று எழுதி, கீழே என் கைபேசி எண்ணையும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் லாரிச் சத்தத்தையெல்லாம் தாண்டி வந்தது.

"அண்ணே! பலகைக்காரண்ணே! வீடு ஏதும் இருக்கா, இல்ல பலகை மட்டும்தானா?"

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். குரல் வந்த திசையில் ஒரு துணி மூட்டைதான் முதலில் தெரிந்தது. மூட்டைக்குக் கீழே, என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண். அவளுக்குப் பின்னால், தென்னை மரத்துக்குச் சட்டை போட்டுவிட்டது போல ஒரு ஆண். அவன் கைக்கு ஒன்றாக ஆறு வயது இரட்டைப் பெண்கள், குல்வாவும் டோட்டோவும்.

லிமி இலாலாச் சந்தையில் பழைய துணி விற்பவள். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, அந்தக் குவியல் மேலேயே ஏறி நின்று கூவுவாள். "ரெண்டாயிரம், ரெண்டாயிரம்! மந்திரி மாப்பிள்ளை போட்ட சட்டை ரெண்டாயிரம்!" என்று அவள் ஆரம்பித்தால், சட்டை வேண்டாம் என்று போகிறவனும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். அவள் புருஷன் ஷிஜா ஒரு மரக்கிடங்கில் இராக்காவல். இரண்டு பேரும் ஷின்யாங்காப் பக்கத்துச் சுகுமா இனத்துக்காரர்கள். சுகுமாக்காரர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்பார்கள். இந்தக் குடும்பத்தில் அந்தச் சத்தம் முழுவதும் லிமியின் பங்குக்கு வந்துவிட்டது. ஷிஜா வாயைத் திறந்து பல நாள்வரை நான் பார்த்தது கொட்டாவிக்காகத்தான்.

அவர்கள் குடியிருந்த வீட்டை இடித்து மாடி கட்டப்போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"மாசம் நூறாயிரம் ஷில்லிங். ரெண்டு அறை. முன்பணம் மூணு மாசத்துக்கு மேல முடியாது" என்றாள் லிமி.

"தங்கச்சி, நூறுக்குப் புகுருனியில ஒரு நல்ல அறை வரும். ரெண்டாவது அறையை நீ கனவுலதான் கட்டிக்கணும்."

"கனவுக்கும் நீங்க தரகு கேக்காம இருந்தாச் சரி. அண்ணே, இவரு ராத்திரி முழிச்சிட்டுப் பகல்ல தூங்கறவரு. நான் பேசினா கூரை ஆடும். இந்த ரெண்டும் பேசினா தெருவே ஆடும். நடுவுல ஒரு செவுராவது இருந்தாத்தான் மனுசன் உயிரோட இருப்பாரு."

வீடு காட்டுவதற்கு நான் வாங்கும் கூலியை அவள் பணமாகத் தர மறுத்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டை என்று பேசி முடித்தோம். சட்டைகள் நல்ல சட்டைகள். ஒரு வாரத்தில் என் பெண்டாட்டி, "நீ வீடு காட்டப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

முதலில் ஆற்றோரம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு அறை, சுத்தமான தரை, மலிவான வாடகை. சுவரில் மட்டும் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அது பெயிண்டில் போட்ட டிசைன் என்றார் வீட்டுக்காரர்.

லிமி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்கு. டிசைன் போட்ட ஆத்துக்கு என்ன கூலி குடுத்தீங்க?"

அடுத்தது சந்துக்குள் ஒரு அறை. அங்கேதான் ஷிஜாவின் வழக்கம் எனக்குத் தெரிந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஒன்றும் பேசாமல் தரையில் மல்லாக்கப் படுத்தான். தலை ஒரு சுவரைத் தொட, பாதங்கள் இரண்டும் வாசலுக்கு வெளியே வந்து கிடந்தன. அந்த வழியாகப் போன கோழி ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

"காலை மடக்கிப் படுத்துக்கலாமே" என்றாள் வீட்டுக்காரி.

"வாடகையையும் மடக்கிக் குடுக்கலாமாக்கா?" என்றாள் லிமி.

மூன்றாவது வீடு கிடைத்துவிடும் என்றே நம்பினேன். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவருடைய வீடு. ஷிஜா படுத்துப் பார்த்தான். கால் நீட்ட இடம் இருந்தது. முன்பணமும் மூன்று மாதம் போதும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டு விதிகளைச் சொல்லத் தொடங்கினார். விருந்தாளி வரக்கூடாது, பிள்ளைகள் முற்றத்தில் ஓடக்கூடாது, துணி காயப்போடுவது அவர் சொல்லும் பக்கத்தில்தான். லிமி உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "உரக்கச் சிரிக்கக் கூடாது" என்று அவர் சொன்னதுதான் தாமதம், அதுவரை அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் செருப்பை மாட்டினோம்.

பிறகும் பல வீடுகள் பார்த்தோம். ஒரு இடத்தில் ஆறு மாத முன்பணம், ஒரு இடத்தில் ஒரு வருட முன்பணம். ஊருக்கு வெளியே சானிக்காப் பக்கம் போனால் வாடகை பாதிதான். ஆனால் மிச்சம் பிடிக்கிற பாதியைப் பேருந்துக்காரன் வாங்கிக்கொள்வான். ஒருநாள் சாயங்காலம் மரத்தடியில் வந்து உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தாள். லிமி பேசாமல் இருந்தது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போதுதான் சிவேமா வீட்டுப் பேச்சை எடுத்தேன்.

சிவேமா வீட்டை எங்கள் தரகர்களில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆறு அறை வீடு. பின்கட்டில் இரண்டு அறைகள் எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தன. ஆள் கூட்டிப்போன தரகர்கள் எல்லோரும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். 'இவன் மூஞ்சி சரியில்லை, அவள் நடை சரியில்லை' என்று ஏதாவது ஒன்று. புருஷன் கிப்வானா இறந்ததிலிருந்து அவளுக்கு மனசே சரியில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முற்றத்தில் உட்கார்ந்து பணியாரம் சுட்டு விற்பாள். அரிசிமாவில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போட்டுக் குழிச்சட்டியில் சுடுவது. பணியாரம் வாங்க நூறு பேர் வருவார்கள். வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவார்கள். நின்று பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

"திட்டு விழும் தங்கச்சி. இப்பவே சொல்லிட்டேன்."

"திட்டுக்குத் தனி வாடகை இல்லையே? வாங்கண்ணே, போவோம்."

நாங்கள் போனபோது சிவேமா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பணியாரத்தைக் குச்சியால் திருப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டியா நசோரோ? இந்த வாட்டி எந்தக் குப்பையைக் கூட்டியாந்திருக்க?"

"நல்ல குடும்பம்மா. பின்கட்டைப் பாக்கத்தான்..."

"எந்த ஊருக்காரங்க?"

"ஷின்யாங்காம்மா. நாங்க சுகுமா" என்றாள் லிமி.

சிவேமாவின் கை அப்படியே நின்றது. ஷிஜாவைக் காலிலிருந்து தலைவரை மெதுவாகப் பார்த்தாள். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"சுகுமாவா? ஐயோ, என் கூரை போச்சு! டேய் நசோரோ, ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னா ஒட்டகச்சிவிங்கியைக் கூட்டிட்டு வந்திருக்க! இது தின்னு முடிச்சா எனக்கு வீட்டுல செங்கல்லாவது மிஞ்சுமா?"

'அவ்வளவுதான், தரகு போச்சு' என்று நான் திரும்பினேன். லிமி திரும்பவில்லை. மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன் மதினி, நீங்க ஸராமோவா? அட, முன்னமே தெரியாமப் போச்சே! தெரிஞ்சிருந்தா வரும்போதே மூக்கைப் பொத்திட்டு வந்திருப்பேனே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுகுமாக்காரர்களுக்கும், இந்த ஊரின் பூர்வகுடிகளான ஸராமோக்காரர்களுக்கும் கேலி முறை உண்டு. எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முறைக்காரர் என்ன சொன்னாலும் கோபம் வரக்கூடாது. பதிலுக்கு இன்னும் பலமாகச் சொல்லலாம். நகரத்தில் பாதிப் பேர் இதை மறந்துவிட்டார்கள். சிவேமா அப்படி மறக்கிறவள் இல்லை. எட்டு மாதமாக இருக்கட்டும், எட்டு வருடமாகவே இருக்கட்டும், அவளுக்குச் சரிக்குச் சரியாக வாய் கொடுக்க யாரும் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

அவள் எழுந்தாள். கையில் குச்சி.

"மூக்கைப் பொத்துவியா? மாட்டுக் கொட்டில்ல பொறந்தவளுக்கு மூக்கு வேற இருக்கா?"

"மாடாவது இருக்கு மதினி எங்களுக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? இந்தத் தாருஸ்ஸலாம் பூரா உங்க நிலம்தானே? அதை வித்த காசுல கொட்டு அடிச்சு ஆடித் தீத்துட்டீங்க. ஊரையே வித்துத் தின்னுட்டு, மிச்சம் இருக்கற ரெண்டு அறைக்கு வாடகை கேக்க வந்துட்டீங்க!"

அண்டை வீட்டுப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். குல்வாவும் டோட்டோவும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"வாடகை நூத்தி நாப்பது!" என்று கத்தினாள் சிவேமா. "ஆறு மாச முன்பணம்! இல்லாட்டி ஒரு மாட்டை ஓட்டிட்டு வா!"

"மாட்டைப் பாத்தா நீங்க மரத்துல ஏறிக்குவீங்க மதினி. நூறு! மூணு மாசம்!"

"நூத்தி முப்பது! ஒன் புருசன் கால் எந்த அறையில, தலை எந்த அறையில? ரெண்டுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்!"

"அவரு உங்க கூரையை முட்டுக் குடுத்து நிறுத்துவாரு. அதுக்கு நீங்கதான் எங்களுக்குத் தரணும்!"

"அடியே, நீ பேசறதுக்கே தனியா மின்சாரம் ஆகும் போல இருக்கேடி!"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் முகமும் சிவந்து, இரண்டு பேர் கண்ணும் பளபளத்தது. இது சண்டையா சந்தோஷமா என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். அப்போது, எங்கள் எல்லோர் தலைக்கும் மேலேயிருந்து, அமைதியான ஒரு ஆண் குரல் கேட்டது.

"அம்மா, பணியாரம் கருகுது."

ஷிஜாதான். அவன் குரலை நான் கேட்டது அதுவே முதல் தடவை. சிவேமா திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். குழிக்கு ஒரு கரி உருண்டை. பிறகு அண்ணாந்து ஷிஜாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் லிமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேலியோரம் நின்ற ஒருத்தி, "சிவேமா சிரிக்கிறா, வந்து பாருங்கடி!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

நூற்றுப் பத்தாயிரம், மூன்று மாத முன்பணம் என்று முடிந்தது. பத்து அதிகம்தான். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது சிவேமா, "காலையில பிள்ளைங்களுக்குப் பணியாரம் என் கணக்கு. உங்கம்மா சமையலைத் தின்னுதான் நீங்க இப்படிப் பூனைக்குட்டியா இருக்கீங்க" என்றாள். ஷிஜா உள்ளே போய்த் தரையில் படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து தலையை ஆட்டினான்.

லிமி எனக்குத் தரகைப் பாதி பணமாகவும் பாதி துணியாகவும் கொடுத்தாள். நான் தகராறு செய்யவில்லை.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிற்பேன். காலையில் லிமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சிவேமா ஆரம்பிப்பாள்: "கிளம்பிட்டாளா? நகரத்துக்கு ஒரு மைக்செட் குறையுதேன்னு பாத்தேன்." லிமி வாசலில் நின்றே பதில் சொல்லிவிட்டுத்தான் போவாள். பணியாரம் வாங்க வந்தவர்கள் இப்போது உடனே போவதில்லை. இந்த இரண்டு பேருக்காகவே நின்று நின்று தின்றார்கள். பகலில் மட்டும் வீடு அடங்கிவிடும். ஷிஜா தூங்குகிறான் என்று சிவேமா தெருவில் போகிற பழ வண்டிக்காரனையே வாயைப் பொத்தச் சொல்லுவாள்.

ஒருநாள் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சிவேமா தன் மனசில் இருந்ததை லிமியிடம் சொல்லியிருக்கிறாள். லிமி பிறகு என்னிடம் சொன்னாள். கிப்வானா இறந்தபோது வீடு நிறைய ஆட்கள் வந்தார்களாம். எல்லோரும் அழுதார்களாம். ஆனால் கேலி முறைக்காரர் ஒருவர்கூட வரவில்லை. எங்கள் பக்கத்தில் முறைக்காரர் வந்து செத்தவரைக் கேலி செய்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்தால்தான் அது முழுச் சாவு. "ஊமைப் பாட்டு மாதிரி புதைச்சிட்டு வந்தோம்டி. எனக்கு அது நெஞ்சுலயே நிக்குது" என்றாளாம் சிவேமா.

கிப்வானாவின் வருட நினைவுத் தொழுகை வந்தது. முற்றத்தில் பாய் விரித்து, ஓதி முடித்து, பிலாவுச் சோற்றைத் தட்டுகளில் எடுத்து வைத்த நேரம். நானும் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டுக் கதவு திறந்தது.

கிப்வானாவின் வெள்ளை அங்கி, கிப்வானாவின் தொப்பி. அங்கி தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது; தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. உள்ளே இருந்தது லிமி. கையில் பெரிய பானை மூடி.

கிப்வானா வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். அவர் ஓட்டும் வேகம் ஊருக்கே தெரியும். அவர் வண்டியிலிருந்து இறங்கி வேர்க்கடலை வாங்கிக்கொண்டு ஓடாமலே மறுபடி ஏறிக்கொள்ளலாம். லிமி பானை மூடியைச் சக்கரமாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓட்டத் தொடங்கினாள். நத்தைகூட அவளை முந்திவிடும். ஒவ்வொரு பாய்க்குப் பக்கத்திலும் நிறுத்தி, அவருடைய வழக்கமான இருமலை இருமி, "ஏறு தம்பி, ஏறு, அவசரம் இல்ல, சாயங்காலத்துக்குள்ள போயிரலாம்" என்றாள். அந்த இருமலைத் தெருவில் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் படித்திருக்கிறாள். வயதான மௌல்வி முதலில் குனிந்து தாடியைத் தடவினார். பிறகு அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

லிமி சிவேமாவுக்கு முன்னால் வந்து வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி அதைப் பார்த்தே பேசினாள்.

"யோவ் கிப்வானா! எங்கிட்ட வாங்கின மாட்டைத் திருப்பித் தராம எங்கய்யா ஓடிப் போன? ஓடறதும் ஓடின, உன் வண்டி வேகத்துக்கு நீ இன்னும் சொர்க்கத்துக்குப் போய்ச் சேந்திருக்கவே மாட்டியே! பாதி வழியிலதான் இருப்ப. மதினி, கூப்பிட்டா திரும்பி வந்துருவாரு போல, கூப்பிடட்டுமா?"

சிவேமா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எது எது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மொத்த முற்றமும் சிரித்தது. பிலாவை வாயில் வைத்திருந்தவர்கள்தான் பாவம்.

"தொப்பியைக் குடுடி திருட்டுச் சுகுமா!"

"சும்மா குடுப்பேனா? மீட்டுக்கங்க. என்ன தரீங்க?"

"என்னடி வேணும் உனக்கு?"

வாடகையைக் குறைக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கூட்டமும் "குறைக்கச் சொல்லு, குறைக்கச் சொல்லு" என்று கத்தியது. லிமி கையை உயர்த்தி அடக்கினாள்.

"வாடகை வாடகைதான், அதைத் தொட மாட்டேன். வாசல் பக்கத்து வேலி எனக்கு வேணும். ஞாயித்துக்கிழமை துணி தொங்கவிட்டு விக்கறதுக்கு."

"எடுத்துக்கோ! வேலியை எடுத்துக்கோ, என்னையும் சேத்துத் தொங்கவிட்டு வித்துரு!"

"உங்களை எவன் வாங்குவான் மதினி? ரெண்டாயிரத்துக்குக்கூடப் போகாது!"

தொப்பி கைமாறியது. சிவேமா அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் இரண்டு தட்டு பிலாவு சாப்பிட்டாள். ஒரு வருடமாக அவள் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலி திருவிழா மாதிரி ஆகிவிட்டது. துணி வாங்க வந்தவர்கள் பணியாரம் தின்றார்கள். பணியாரத்துக்கு வந்தவர்கள் சட்டையோடு போனார்கள். சுற்றிலும் வாடகை இரண்டு தடவை ஏறிவிட்டது. பின்கட்டு வாடகை ஏறவில்லை. ஏன் ஏற்றவில்லை என்று நான் கேட்டதற்கு, "சுகுமாகிட்டக் கணக்குப் பேசி யாருடா ஜெயிக்கறது?" என்றாள் சிவேமா.

போன மழைக்காலத்தில் லிமிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் சிவேமா, குழந்தையைத் துணியில் வாங்கிக்கொண்டு வந்ததும் சிவேமா. சுகுமாக்காரர்கள் வழக்கப்படி இரட்டையர் எல்லோரும் குல்வா, டோட்டோ. அவர்களுக்கு அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு ஷிஜா என்றுதான் பெயர். அப்பன் ஷிஜாவும் அப்படிப் பெயர் வந்தவன்தான். பெயர் வைக்கிற அன்று முற்றத்தில் சிவேமா குழந்தையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல ஏற்கனவே ஒரு ஷிஜா இருக்கு. வாயே திறக்கறதில்ல. இன்னொரு ஊமை எதுக்கு? கிப்வானான்னு வை."

"மதினி! சுகுமாப் பிள்ளைக்கு ஸராமோப் பேரா? பெரியவனானா இவன் யாரைக் கேலி பண்ணுவான், தன்னைத்தானேயா?"

"பண்ணட்டும். காலையில எந்திரிச்சுக் கண்ணாடி பாத்துப் பண்ணட்டும்!"

கடைசியில் எல்லோரும் ஷிஜாவைப் பார்த்தார்கள். அவன் வாசற்படியில் நின்று கொஞ்சம் யோசித்தான்.

"ரெண்டும் இருக்கட்டும்" என்றான்.

அதனால் அந்தப் பையனுக்கு ஷிஜா கிப்வானா என்று பெயர். நான் போயிருந்தபோது சிவேமாவின் மடியில் படுத்து, வீடு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான். குரல் அம்மாவுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.